ராணி மீனாட்சியின் கதையை விஷத்திலிருந்து தொடங்காதீர்கள்

வரலாற்றுத் தொடர் எடுக்கும் தொலைக்காட்சி, ஓடிடி நிறுவனத்தாருக்கும், அவர்களுக்காகத் திரைக்கதை எழுதும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

மதுரை நாயக்கர்களின் கடைசி ராணியை என்றாவது ஒருநாள் யாராவது தொடராக எடுக்கத்தான் போகிறீர்கள். கதை அப்படி. கணவனை இழந்த ராணி, அரியணைக்கு மோதும் உறவினன், வெளியிலிருந்து வரும் படைத்தலைவன், வேதப் புத்தகத்தின் மேல் அவன் செய்யும் சத்தியம், பிறகு துரோகம், சிறை, விஷம். ஒரு பக்கத்தில் எழுதித் தயாரிப்பாளரிடம் நீட்டினால் அவர் இரண்டாவது பக்கம் கேட்க மாட்டார். அந்த ஒரு பக்கத்தை நினைத்தால்தான் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. அதனால் நீங்கள் தொடங்குவதற்கு முன்பே இந்த மடல்.

முதல் காட்சி எப்படி இருக்கும் என்று இப்போதே எனக்குத் தெரியும். மங்கலான அறை. பெண் கையில் வெள்ளிக் கிண்ணம். கண்ணில் நீர். "ஐந்து ஆண்டுகளுக்கு முன்" என்று திரையில் எழுத்து. அப்புறம் ஐம்பது வாரமும் நாம் அந்தக் கிண்ணத்தை நோக்கியே நடந்துகொண்டிருப்போம். வேண்டாம். மீனாட்சி எப்படிச் செத்தார் என்பதைச் சொல்ல நாலு வரி போதும். செத்தே ஆக வேண்டிய மூலைக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதில்தான் உங்கள் தொடர் இருக்கிறது. அது பணம், வாரிசு, கப்பம், சொந்தக்காரர்கள் சம்பந்தப்பட்ட கதை. நம் வீடுகளில் சொத்துத் தகராறு பார்த்தவர் யாருக்கும் அது புரியும்.

முதலில் இடம். நாயக்கர் என்றதும் உங்கள் கலை இயக்குநர் மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை செட் போடத் தொடங்கிவிடுவார். மீனாட்சி ஆண்டது திருச்சிராப்பள்ளியில். 1660-களில் சொக்கநாத நாயக்கர் தலைநகரை இங்கே மாற்றியபோது, தாத்தா கட்டிய அந்த மதுரை அரண்மனையின் ஒரு பகுதியைப் பெயர்த்து மரமும் கல்லுமாக இங்கே கொண்டுவந்தார். அப்படி எழுந்த அரண்மனையில் ஒரு தர்பார் மண்டபம் இன்றும் மலைக்கோட்டை அடிவாரத்தில் நிற்கிறது. ராணி மங்கம்மாள் மகால் என்று பெயர், உள்ளே அரசு அருங்காட்சியகம். கடைத்தெரு நெரிசலில் பாதிப் பேர் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். மேலே உச்சிப்பிள்ளையார், கீழே கோட்டை, வடக்கே காவிரி, ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள். உங்கள் ராணி தினமும் பார்த்த காட்சி இதுதான். இதை விட்டுவிட்டு ஹைதராபாத்தில் பிளாஸ்டர் தூண் எதற்கு?

இன்னொன்று, மங்கம்மாளையும் மீனாட்சியையும் ஒரே ஆளாக்கிவிடாதீர்கள். கதை விவாதத்தில் அந்த ஆசை வரும். மங்கம்மாள் சொக்கநாதரின் மனைவி. 1682-இல் கணவர் இறந்தபோது உடன்கட்டை ஏறவில்லை. 1689-இல் மகன் அம்மையில் இறந்ததும் கைக்குழந்தையான பேரனைப் பட்டத்தில் வைத்து, பதினைந்து ஆண்டுக்கு மேல் நாட்டை நடத்தினார். சாலை போட்டார், சத்திரம் கட்டினார். அவரைச் சிறையில் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று ஒரு கதை உண்டு. சோறு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது என்று பாட்டிமார் சொல்லும்போது நமக்கே தொண்டை அடைக்கும். இரண்டு ராணிகள், இரண்டு சோக முடிவுகள். இணைத்தால் செலவு மிச்சம்தான். ஆனால் இணைத்தால் மீனாட்சி காணாமல் போய்விடுவார். ஏற்கெனவே பாதி காணாமல்தான் போயிருக்கிறார். மங்கம்மாளுக்குச் சாலை இருக்கிறது, சத்திரம் இருக்கிறது, மகால் இருக்கிறது. மீனாட்சிக்கு இந்த ஊரில் ஒரு பெயர்ப்பலகைகூட நான் பார்த்ததில்லை. இணையத்தில் பெயரைத் தட்டினால் மதுரை அம்மன்தான் முதலில் வருகிறாள்.

சரி, கதைக்கு வருவோம். மங்கம்மாள் தூக்கி வளர்த்த அந்தப் பேரன்தான் விஜயரங்க சொக்கநாத நாயக்கர். மீனாட்சியின் கணவர். இவரை நீங்கள் இரண்டு வாரத்தில் சாகடித்துவிட்டு நகர்ந்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து இவருக்கு இடம் கொடுங்கள். மனிதர் பக்திமான். கோயில் கோயிலாகப் பயணம் போய் அள்ளிக் கொடுத்தவர். தெலுங்கில் நூல்கள் எழுதியவர். கைசிக ஏகாதசி இரவில் ஸ்ரீரங்கத்துக்குத் தாமதமாக வந்து, கைசிக புராண வாசிப்பைத் தவறவிட்டுவிட்டாராம். அரசருக்காக இன்னொரு தடவை வாசிக்க முடியாது என்று கோயிலில் சொல்லிவிட்டார்களாம். அடுத்த ஏகாதசி வரை ஒரு வருடம் அங்கேயே தங்கிவிட்டார் என்று கோயில் வட்டாரத்தில் சொல்வார்கள். அவரும் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் ஆளுயர உருவங்களை இன்றைக்கும் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் பார்க்கலாம். உடை வடிவமைப்பாளரை முதலில் அங்கே அனுப்புங்கள். அந்தக் குல்லாய், நகை, கட்டும் துணியின் மடிப்பு எல்லாம் அங்கே நிற்கிறது. பழைய தொடருக்குத் தைத்த பளபளப்புப் பாவாடையை எடுத்து மாட்ட வேண்டியதில்லை.

அந்த ஒரு வருடக் காத்திருப்பில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அரசர் ரங்கநாதருக்காகக் காத்திருக்கும்போது அரண்மனையில் கணக்குப் பார்த்தது யார்? கஜானா காலியாவதைப் பார்த்தது யார்? படைத்தலைவரான தளவாயும் அமைச்சரான பிரதானியும் ஆட்சியைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொண்டதைப் பார்த்தது யார்? பக்தியைக் கேலி செய்ய வேண்டாம். ராணி கையில் வந்து சேர்ந்தது எப்படிப்பட்ட நாடு என்று காட்டினால் போதும்.

1731-32 வாக்கில் அரசர் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. மீனாட்சி சிதைக்குப் போகவில்லை. இதைச் சின்ன விஷயமாகத் தாண்டிவிடாதீர்கள். 1710-இல் பக்கத்துச் சேது நாட்டில், அதாவது ராமநாதபுரத்தில், கிழவன் சேதுபதி இறந்தபோது அவருடைய 47 மனைவியர் உடன்கட்டை ஏறினார்கள் என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்தில், அந்த வட்டாரத்தில், ஒரு ராணி உயிரோடு இருப்பது என்றாலே அது ஓர் அரசியல் முடிவு. அவருக்கு முன்னால் மங்கம்மாள் என்ற முன்னுதாரணம் மட்டும் இருந்தது. மங்கம்மாளிடம் பேரன் இருந்தான். மீனாட்சியிடம் அதுவும் இல்லை.

ஆகவே தத்து எடுக்கிறார். எடுத்த பிள்ளை விஜயகுமாரன், பங்காரு திருமலை நாயக்கரின் மகன். பங்காரு திருமலை அரச குடும்பத்தின் கிளை வழி. பிள்ளையைக் கொடுத்த தகப்பனுக்கு, பிள்ளைக்கு அரியணை என்றால் தனக்கு ஏன் கிடையாது என்று தோன்றுகிறது. தளவாய் வேங்கடாச்சாரி அவர் பக்கம் சேர்கிறார். ராணிக்குப் பலமாக நின்றது பிறந்த வீட்டுச் சகோதரர்தான். திருச்சிக் கோட்டைக்குள் நுழையப் பங்காரு செய்த முயற்சி பலிக்கவில்லை. ராணி தாக்குப் பிடித்தார். அடுத்து வந்ததன் கனத்தில் இந்த வெற்றியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அழுதுகொண்டிருந்த பெண் அல்ல அவர். சதியை முறியடித்துக் கோட்டையைக் கையில் வைத்திருந்தவர். இங்கே நாலைந்து வாரம் செலவழியுங்கள். படைவீரன் சம்பளம் கேட்கும் காட்சி வையுங்கள். பாளையக்காரர்கள் யார் ஜெயிப்பார் என்று பார்த்துக்கொண்டு வரி கட்டாமல் இழுக்கும் காட்சி வையுங்கள். தத்துப் பிள்ளை தன்னைப் பெற்றவரைப் பற்றி ராணியிடம் என்ன கேட்டிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். அதெல்லாம் உங்கள் கற்பனை. தாராளமாகச் செய்யுங்கள்.

1734-இல் ஆற்காட்டுப் படை வருகிறது. நவாப் தோஸ்த் அலி கானின் மகன் சப்தர் அலி, மருமகன் சந்தா சாகிப். திடீரென்று வானத்திலிருந்து குதித்த படை இல்லை இது. மங்கம்மாள் காலத்திலேயே திருச்சி முகலாயருக்குக் கப்பம் கட்டத் தொடங்கியாயிற்று. அந்தக் கப்பத்தை வசூலிக்கத்தான் படை தெற்கே வந்தது. வந்த இடத்தில் குடும்பச் சண்டை. பங்காரு திருமலை சப்தர் அலியிடம் போய், தன்னை அரசனாக்கினால் 30 லட்சம் ரூபாய் தருகிறேன் என்கிறார். சப்தர் அலி பஞ்சாயத்து உட்கார்ந்து பங்காருவுக்கே தீர்ப்புச் சொல்கிறார். ராணி அந்தத் தீர்ப்பை மதிக்கவில்லை. கோட்டை அவர் கையில் இருந்தது. தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பைச் சந்தா சாகிப்பிடம் விட்டுவிட்டுச் சப்தர் அலி கிளம்புகிறார். இப்போது ராணி சந்தா சாகிப்பிடம் பேசுகிறார். ஒரு கோடி ரூபாய் என்று வரலாறுகள் சொல்கின்றன.

முப்பது லட்சம் ஒரு மைத்துனனுக்கு, ஒரு கோடி இன்னொரு மைத்துனனுக்கு. ஒரே அரியணை, ஒரே ஆற்காட்டுக் குடும்பம், இரண்டு விலை. இதை மட்டும் நீங்கள் ஒழுங்காக எழுதிவிட்டால் மற்றதைப் பார்வையாளர்கள் தாங்களே புரிந்துகொள்வார்கள். பணம் எங்கிருந்து வந்தது, எந்தப் பெட்டி திறந்தது, எந்த நகை உருகியது என்று காட்டுங்கள். நம் தொடர்களில் போருக்குச் செலவு செய்கிறார்கள், போருக்கு ஆகும் செலவைக் காட்டுவதில்லை.

இப்போது அந்தச் சத்தியக் காட்சி. ராணிக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்று சந்தா சாகிப் குர்ஆன் மேல் சத்தியம் செய்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு மேல் ஒரு படி போய், அது குர்ஆனே இல்லை, சரிகைத் துணியில் சுற்றிய செங்கல் என்றும் ஒரு கதை ஓடுகிறது. அந்தத் துணி விலகும் குளோசப் உங்கள் டிரெய்லரில் வரும், இசை உறுமும். அதோடு தொடர் முழுக்க ஒரு மதத்துக்கும் இன்னொரு மதத்துக்குமான சண்டை என்ற நிறம் ஏறிவிடும். அன்றைக்கே வாட்சாப்பில் அந்தக் காட்சி மட்டும் தனியாக வெட்டிப் பரவும். உங்களுக்கு அது விளம்பரம். இந்த ஊரில் அடுத்தடுத்த தெருவில் குடியிருப்பவர்களுக்கு அப்படியில்லை.

செங்கல் கதையைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஏன் செங்கல்? நிஜப் புத்தகத்தின் மேல் கை வைத்துப் பொய் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை என்றுதானே அர்த்தம்? ராணியை ஏமாற்றத் துணிந்தவர் அந்தப் புத்தகத்துக்குப் பயந்திருக்கிறார். கதையைக் கட்டியவர்களுக்கே அது தெரிந்திருக்கிறது. அந்தப் பயத்தை ஒரு நல்ல நடிகர் முகத்தில் கொண்டுவந்தால் எந்த உறுமலும் வேண்டாம்.

கதையின் மறுபக்கமும் இருக்கிறது. 1752-இல் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படையோடு மாட்டிக்கொண்ட சந்தா சாகிப், தஞ்சாவூர்த் தளபதி மானோஜி கொடுத்த உயிர் உத்தரவாதத்தை நம்பி அவரிடம் சரணடைந்தார். தலை போயிற்று. கொடுத்த வாக்கை மீறியவர் இந்த முறை மராட்டியத் தளபதி. முன்பு ராணிக்குச் சத்தியம் செய்த அதே மண்டபத்தில்தான் சந்தா சாகிப் கொல்லப்பட்டார் என்று எழுதியவர்களும் உண்டு. இவ்வளவு கச்சிதமாக ஒரு கதை கைக்கு வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஆனால் சரணடைந்ததும் கொன்றதும் நடந்தவை. முதல் துரோகத்தை மதத்தோடு முடிச்சுப் போட்டால் இரண்டாவதை எதோடு போடுவீர்கள்?

காதல் கோணம் பற்றி ஒரு வார்த்தை. விதவை ராணிக்குப் படைத்தலைவன் மேல் மையல் என்ற வதந்தி பழைய காலத்திலிருந்தே உண்டு. ஒரு பெண் அரசியல் கணக்குப் போட்டுத் தோற்றார் என்று சொல்ல வராதவர்கள், மனதைப் பறிகொடுத்துத் தோற்றார் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர் தெலுங்கு பேசும் அரண்மனையைச் சேர்ந்தவர், எதிரில் பாரசீகத்தில் எழுதும் ஆற்காட்டு தர்பார். நடுவில் துபாஷி நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்க்க, திரைக்குப் பின்னாலிருந்து ஒரு ராணி தன் நாட்டுக்கு விலை பேசுகிறார். துபாஷி எதைக் கூட்டினான், எதை விழுங்கினான்? இந்தக் காட்சியில் இருக்கும் பதற்றத்தை எந்த மழைப்பாட்டும் கொடுக்காது. தெலுங்கை அப்படியே பேசவிட்டுக் கீழே தமிழ் எழுத்துப் போடுங்கள். அதையெல்லாம் பார்க்க மக்கள் எப்போதோ பழகிவிட்டார்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு போன சந்தா சாகிப் 1736-இல் திரும்ப வருகிறார். கோட்டைக் கதவு அவருக்காகத் திறக்கிறது. இதற்குள் ராணியும் பங்காருவும் சமாதானமாகிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், இது ஒரு பெரிய திருப்பம், ஆனால் கதை சொல்பவர்கள் யாரும் இதில் நிற்பதே இல்லை. எந்த மனிதரை வெளியே நிறுத்தக் கஜானாவைக் காலி செய்தாரோ, அவரையே தெற்கே மதுரை, திண்டுக்கல் பக்கம் படையோடு அனுப்புகிறார். சந்தா சாகிப்பின் ஆட்கள் திண்டுக்கல்லைப் பிடிக்கிறார்கள். அம்மையநாயக்கனூரில் பங்காரு தோற்றுச் சிவகங்கைக்கு ஓடுகிறார். ரயிலில் மதுரை போகும்போது கொடைரோட்டைத் தாண்டுவோமே, அந்தப் பக்கம்தான். அதோடு ராணிக்கு வெளியே உதவி என்று எதுவும் மிச்சமில்லை. கோட்டை சந்தா சாகிப் கையில். அரண்மனையே சிறை. விஷம்.

இந்த முடிவு எந்த வருடம் என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. 1736 என்கிறவர்கள் உண்டு, 1739 என்கிறவர்களும் உண்டு. அதனால் மாதம், தேதி, நேரம் எல்லாம் போட்டுத் திரையில் எழுத்து ஓட்டாதீர்கள். எழுதும் ஆர்வத்தில் ஆராய்ச்சியாளர்களுக்கே கிடைக்காத பஞ்சாங்கம் உங்களுக்குக் கிடைத்துவிடக் கூடாது.

தற்கொலையைக் காட்டும் விதம் பற்றியும் கேட்டுக்கொள்கிறேன். நெற்றிப் பொட்டைத் தொட்டு, பட்டுப்புடவை கட்டி, தெய்வம் போல விஷம் குடிக்கவைத்து, "மானம் காத்த மகாராணி" என்று பாட்டுப் போடுவீர்கள். சாவை அழகாக்கிக் காட்டும் பழக்கம் நமக்கு நிறையவே இருக்கிறது. வீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கதவு மூடட்டும், கேமரா வெளியே நிற்கட்டும். அடுத்த காட்சிக்குப் போய்விடுங்கள்.

அடுத்த காட்சிகள் நிறைய இருக்கின்றன. ராணி இறந்ததோடு தொடரை முடிக்காதீர்கள் என்பது என் கடைசி வேண்டுகோளுக்கு முந்தைய வேண்டுகோள். திருச்சியைப் பிடித்ததும் சந்தா சாகிப்பின் வளர்ச்சி ஆற்காட்டிலேயே பலர் கண்ணை உறுத்தியது. 1740-இல் மராட்டியர் படையெடுத்து வந்து தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலியைக் கொன்றார்கள். 1741 மார்ச்சில் திருச்சிக் கோட்டை விழுந்தது, சந்தா சாகிப் கைதியாகச் சதாராவுக்குப் போனார். 1742-இல் சப்தர் அலி சொந்த மைத்துனன் சதியில் வேலூரில் கொலையுண்டார். பங்காரு திருமலையையும் பிற்பாடு ஆற்காட்டில் விஷம் வைத்துத் தீர்த்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. அவர் வழியினர் சிவகங்கைச் சீமையில் வெள்ளிக்குறிச்சியில் தங்கிப்போனார்கள். அப்புறம் இதே திருச்சிக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் வருடக்கணக்கில் மோதினார்கள். அந்தப் பஞ்சாயத்தில் உட்கார்ந்து விலை பேசிய ஆண்களில் ஒருவர்கூடக் கட்டிலில் நிம்மதியாகச் சாகவில்லை. ஆனால் "சோக நாயகி" பட்டம் மீனாட்சிக்கு மட்டும். இதில் உங்களுக்கு ஒரு இரண்டாம் பாகமே இருக்கிறது, வியாபாரமாகவும் யோசியுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு சொல்லிவிடுகிறேன். 1730-கள் என்றால் துப்பாக்கியும் பீரங்கியும் வந்து வெகு காலம். எல்லாரும் வாளை மட்டுமே சுழற்ற வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், தரங்கம்பாடியில் டேனியர், சென்னையில் ஆங்கிலேயர் என்று எல்லாரும் கடற்கரையில் உட்கார்ந்திருந்த காலம் அது. ஒரு வெள்ளைக்கார வியாபாரியாவது தர்பார் பக்கம் வந்து போகட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736-இலிருந்து கிடைக்கிறது. அந்தக் காலத்து ஆள் எப்படி விலை பேசினான், எப்படி வதந்தி பரப்பினான், எதற்கெல்லாம் சலித்துக்கொண்டான் என்று அதில் பார்க்கலாம். உங்கள் வசனகர்த்தா நாலு நாள் அதோடு உட்கார்ந்தால், "மன்னா, விபரீதம் நிகழ்ந்துவிட்டது!" என்று ஓடிவரும் சேவகனுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம்.

கடைசி வேண்டுகோள் பணம் பற்றியது. நாயக்கர் காலக் கல்வெட்டும் செப்பேடும் படிக்கத் தெரிந்த ஒருவரையும், அந்தக் காலத் தெலுங்கு தெரிந்த ஒருவரையும், பாரசீகம் தெரிந்த ஒருவரையும் திரைக்கதை தொடங்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்க சார்" என்று கூப்பிட்டுச் சால்வை போர்த்துவது வேண்டாம். மாதச் சம்பளம் கொடுங்கள், டைட்டிலில் பெயர் போடுங்கள். அவர்கள் ஒரு காட்சியை வேண்டாம் என்றால் அதை எடுக்காமல் விடும் அதிகாரம் இயக்குநருக்கு இருக்கட்டும், சேனலின் விளம்பரப் பிரிவுக்கு வேண்டாம். ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் ஓடும் "இதில் வரும் சம்பவங்கள் யாவும் கற்பனையே" என்ற வரியையும் எடுத்துவிட்டு, அந்த வாரத்தில் எது ஏட்டில் இருப்பது, எது ஊர்ப்பேச்சு, எது நீங்கள் எழுதியது என்று முடிவில் அரை நிமிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து ஒரு பார்வையாளர்
திருச்சிராப்பள்ளி